கையில் உள்ளதும் கருத்தில் உள்ளதும்

ஹதீஸ் நூல் ஓதத் தொடங்கும் மாணவன் முதன்முதலில் சந்திப்பது நிய்யத் பற்றிய நபிமொழியை. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் பெருந்தொகுப்பின் தலைவாயிலில் அதனைத்தான் நிறுத்தியுள்ளார்கள். செயல்களின் மதிப்பு எண்ணத்தைப் பொறுத்தது என்னும் அவ்வடிப்படை ஃபிக்ஹுக் கலையின் 70 பாடங்களில் புகுகிறது என்பது இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் கருத்தாகச் சொல்லப்படும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இப்பாடத்தை ஓதிக்கொடுத்து வருகிறோம். ஆயினும் அதில் நமக்கு விளங்காத ஓர் இடம் இருந்தது என்பதை 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்துச் செய்தித்தாள்களே நமக்கு உணர்த்தின.

அம்மாதம் 13ஆம் நாள் இஸ்ரேல் ஈரான்மீது தாக்குதல் தொடுத்தது. 22ஆம் நாள் அமெரிக்க விமானங்கள் நதான்ஸ், ஃபோர்தோ, இஸ்ஃபஹான் ஆகிய மூன்று இடங்களில் குண்டு வீசின. யுரேனியத்தைப் பக்குவம் செய்து செறிவூட்டும் நிலையங்கள் அவை. ஈரான் அணுகுண்டு செய்ய எண்ணுகிறது, செறிவூட்டலே அதற்குச் சான்று என்பது தாக்கியோர் சொன்ன காரணம்.

அந்நாள்களில் ஒரு மாலை, அஸ்ருத் தொழுகைக்குப் பின், பள்ளிவாசல் திண்ணையில் மைத்துனர் இருவர் வாதிட்டுக்கொண்டிருந்தனர். "அறுபது விழுக்காடு வரை கொண்டுபோனவர்கள் விளக்கெரிக்கவா கொண்டுபோனார்கள், மச்சான்? நாம் நம்ம ஆள் என்று கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது" என்றார் ஒருவர். "வீடு நிறைய வெட்டரிவாள் அடுக்கி வைத்திருப்பவன், அடுத்த வீட்டுக்காரன் அரிவாள்மணை வாங்கினால் கையை வெட்டுவேன் என்கிறான். அதை முதலில் கேளுங்கள்" என்றார் மற்றவர். பிறகு இருவரும் நம் பக்கம் திரும்பி, "ஹஸ்ரத் சொல்லட்டும்" என்றனர். நாம் ஏதும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. அன்று சொல்லாததை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

இரண்டாமவரின் கேள்வி நியாயமானதே. அணு ஆயுதம் உடையோர் அதனைப் பிறருக்கு மறுக்கும் முறைகேட்டை எவரும் மறைக்க இயலாது. ஆயினும் அது முதலாமவரின் கேள்விக்கு விடையாகாது. வெட்டரிவாள்காரன் அநீதியாளன் என்பதனால் அரிவாள்மணைக்காரனின் உள்ளம் தூய்மையானது என்று ஆகிவிடுமா? இரண்டும் வெவ்வேறு வழக்குகள். நம் சமுதாயத்து உரையாடல்களில் இவை ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. நாம் முதல் வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: ஒரு செயல் இரு நோக்கங்களுக்கும் பொதுவாக இருக்கும்போது, அச்செயலைக் கொண்டு நோக்கத்தை அறிய முடியுமா?

முதலில் செயல் யாதென அறிதல் வேண்டும். மண்ணிலிருந்து கிட்டும் யுரேனியத்தில் 1000 அணுக்களை எண்ணினால் அவற்றுள் 7 மட்டுமே 235 என்னும் வகையைச் சார்ந்தவை. ஏனைய 993உம் 238 என்னும் கன வகை. தொடர்ந்து பிளந்து வெப்பம் தருவது அந்த ஏழே. மின் உலையாயினும் குண்டாயினும் இரண்டுக்கும் வேண்டியது அவற்றின் விகிதத்தை உயர்த்துவதுதான். ஆனால் இரு வகைக்கும் வேதியியல் குணம் ஒன்றாகையால் எந்த அமிலமும் அவற்றைப் பிரிக்காது. எடை வேறுபாடு ஒன்றே வழி. ஃப்ளோரினோடு சேர்த்து ஆவியாக்கினால் ஒன்றின் எடை 349, மற்றதன் எடை 352. அந்த மூன்று எண் வேறுபாட்டை நம்பி, ஆவியை நெடிய உருளைகளில் இட்டு விநாடிக்கு 1000 சுற்று அளவில் சுழற்றுகிறார்கள். கனமானது சுவரை ஒட்டிச் சற்றே மிகுதியாகச் சேரும். இலேசானது நடுவில் சற்றே மிகுதியாகத் தங்கும். ஓர் உருளை தரும் ஆதாயம் மிகச் சிறிது. ஆகவே ஆயிரக்கணக்கான உருளைகளைச் சங்கிலிபோல் இணைக்கிறார்கள். இதுவே செறிவூட்டல்.

இதில் ஒரு கணக்கு உண்டு. வாசகர்கள் பொறுமையோடு இதனைப் பார்க்கவேண்டும், ஏனெனில் நம் வழக்கின் சிக்கல் முழுவதும் இதனுள் இருக்கிறது. கழிவோடு ஏதும் போகவில்லை என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். 1000இல் 7 என்றிருப்பதை மின் உலைக்கு வேண்டிய 4 விழுக்காடாக்க 825 கன அணுக்களை விலக்கவேண்டும். எஞ்சுவது 175, அதில் நம் ஏழு. அதிலிருந்து இன்னும் 140ஐ விலக்கினால் 35இல் 7, அதாவது 20 விழுக்காடு. மேலும் 23ஐ விலக்கினால் 12இல் 7, ஏறத்தாழ 60 விழுக்காடு. மேலும் நான்கே நான்கை விலக்கினால் 8இல் 7. குண்டுக்கு உகந்ததெனச் சொல்லப்படும் 90 விழுக்காட்டை ஏறக்குறைய எட்டிவிட்டோம்!

விளக்கெரிப்பதற்காக மட்டுமே புறப்பட்டவனும், ஊரை எரிக்கப் புறப்பட்டவனும் நடக்கும் பாதையின் மிகப் பெரும்பகுதி ஒன்றேதான். பாதை பிரிவது ஏறத்தாழ ஊர் வந்து சேர்ந்த பிறகு. ஆகையால் அப்பாதையில் ஒருவன் நடப்பதைக் கண்டு "இவன் எங்கே போகிறான்?" என்று கேட்பவனுக்கு, பாதை விடை சொல்வதில்லை.

வினோதம் என்னவெனில், குண்டுக்குச் செறிவூட்டல் இன்றியமையாததும் அன்று. கல்பாக்கத்து மின் உலைகள் செறிவூட்டாத இயற்கை யுரேனியத்தில் இயங்குமாறு அமைந்தவை. கூடங்குளத்து உலைகளோ ரஷ்யாவிலிருந்து வரும் செறிவூட்டிய எரிபொருளுக்கென அமைந்தவை. நம் மாநிலத்துக் கடற்கரையிலேயே இரு வகையும் உள்ளன. இயற்கை யுரேனியம் எரிந்த உலையிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கலாம். 1974 மே 18இல் பொக்ரானில் இந்தியா வெடித்தது அத்தகையதே. அமைதிப் பணிக்கென்று கனடா கொடுத்த ஆய்வு உலையிலிருந்து வந்த பொருள் அது. அவ்வெடிப்புக்கு அமைதி வெடிப்பு என்றே அரசு பெயரிட்டது. செறிவூட்டாதவன் வெடித்தான். செறிவூட்டுகிற ஜப்பான் 1992 முதல் ரொக்காஷோவில் நிலையம் நடத்தியும் குண்டு செய்யவில்லை. தென்னாப்பிரிக்கா வாலிந்தாபாவில் செறிவூட்டி ஆறு குண்டுகள் செய்தது, பிறகு அவற்றைத் தானே கழற்றிப்போட்டு, 1993இல் அதனை உலகுக்கு அறிவித்தது. பிரேசிலில் இராணுவத்தார் குண்டுச் சோதனைக்கெனக் காட்டில் தோண்டிய குழியை 1990இல் அதிபர் கொல்லோர் மூடுவித்தார். அந்நாட்டில் செறிவூட்டல் மட்டும் தொடர்ந்தது. அதே பொறி, முன்பு ஓர் எண்ணத்தோடு சுழன்றது, பின்பு வேறோர் எண்ணத்தோடு சுழன்றது. உருளைக்கு அந்த மாற்றம் தெரியாது.

இவ்விடத்தில் நம் ஃபிக்ஹு நூல்களில் ஊறிப்போன ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. திராட்சை விற்பவனிடம் மது காய்ச்சும் தொழிலுடையவன் வந்து திராட்சை கேட்கிறான். விற்கலாமா? இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் இத்தகைய விற்பனையை வெறுத்தார்கள். ஆயினும் செல்லாது என்று தீர்ப்பளிக்கவில்லை. அவன் அதை மதுவாக்காமலும் போகலாம் அன்றோ? வாள் வாங்குபவன் அதனால் எவரையும் வெட்டாமலும் போகலாம். வெளிப்பட்டதைக் கொண்டே தீர்ப்பு, உள்ளிருப்பது அல்லாஹ்வின் பொறுப்பு என்பது அவர்களின் நெறி. உறுதியாகத் தெரிந்தே விற்றால் பாவம், ஆனாலும் வியாபாரம் செல்லும் என்று அவர்கள் வழிவந்த பிற்கால அறிஞர்கள் விளக்கினர். மாலிகீ, ஹன்பலீ அறிஞர்களோ வேறு திசையில் நின்றார்கள். தீமைக்கு இட்டுச்செல்லும் வாயிலை அடைப்பதும் மார்க்கக் கடமை என்றனர். ஸத்துத் தராயிஃ என்று அதற்குப் பெயர். மது காய்ச்சுவான் என்று தெரிந்தபின் விற்ற திராட்சையின் வியாபாரமே செல்லாது என்பது ஹன்பலீகளின் நிலை.

1970இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைப் படித்தால், அதன் நான்காம் பிரிவு ஷாபிஈ மத்ஹபில் எழுதப்பட்டதோ என்று தோன்றும்! (வேடிக்கையாகச் சொல்கிறோம்.) அமைதிப் பணிக்கு அணுவைப் பயன்படுத்தும் உரிமை எந்த உறுப்பு நாட்டிடமிருந்தும் பறிக்க இயலாதது என்கிறது அது. ஆயுதம் செய்யாதே என்னும் இரண்டாம் பிரிவையும், கண்காணிப்புக்கு உட்படு என்னும் மூன்றாம் பிரிவையும் மீறாதவரை உரிமை நிற்கும். செறிவூட்டல் என்ற சொல்லை ஒப்பந்தம் எங்கும் விலக்கவில்லை. ஈரான் ஒரு சுழற்சிகூடச் செய்யலாகாது என்று வாதிடுவோர் வாயிலடைப்பு நெறியினர். இரு நெறிக்கும் நம் மரபில் பெரியோர்கள் உண்டு. ஒன்றை அறிவீனம் என்றோ மற்றதைச் சூழ்ச்சி என்றோ தள்ளிவிடலாகாது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வாயிலை அடைக்கச் சொன்ன அறிஞர் எவரும் திராட்சை வாங்க வந்தவனைக் கொல்லலாம் என்று சொல்லவில்லை. விற்காதே என்றார்கள். அவ்வளவே.

இனி ஈரானுக்கு வருவோம். செயல் தனித்து நின்று எண்ணத்தைச் சொல்லாது என்றால், செயலைச் சூழ்ந்திருப்பவை சொல்லுமா? நம் நீதி நூல்களில் அதற்குக் கரீனா என்று பெயர், சூழ்நிலைச் சான்று. ஈரான் விஷயத்தில் கரீனாக்கள் இரு பக்கமும் இருக்கின்றன. ஒரு பக்கத்தை மட்டும் எண்ணிச் சொல்வோரை நாம் ஏற்பதில்லை.

1967இல் தெஹ்ரானில் இயங்கத் தொடங்கிய ஆய்வு உலையை அமெரிக்காவே கொடுத்தது. அதற்குரிய எரிபொருள் 93 விழுக்காடு செறிவூட்டியது. அதாவது குண்டின் தரம்! அதனையும் அமெரிக்காவே கொடுத்தது. அன்று ஷாவின் எண்ணம் யாது என்று உலகம் கேட்டுத் துருவவில்லை. 1970களில் பிரான்சில் எழுந்த யூரோடிஃப் செறிவூட்டல் நிறுவனத்தில் ஈரான் பெரும்பணம் இட்டது. புரட்சிக்குப் பின் அதிலிருந்து எரிபொருள் கிட்டவில்லை. பிறரை நம்பினால் இதுதான் கதி, ஆகவே நாமே செறிவூட்டுவோம் என்று அவர்கள் சொன்னதில் பொருளில்லாமல் இல்லை.

மறுபக்கம் பாருங்கள். நதான்ஸ் நிலையம் 2002இல் வெளிப்பட்டபோது அதனை வெளிப்படுத்தியவர்கள் ஈரானிய அரசினர் அல்லர், அவர்களின் எதிரிகள். ஃபோர்தோ 2009இல் வெளிவந்தது. கும் நகரை அடுத்த மலைக்குள் சுமார் 3000 உருளைகளுக்கென அமைந்த இடம். ஒரு மின் உலைக்கு எரிபொருள் தர அந்த எண்ணிக்கை மிகவும் சிறிது, ஒரு குண்டுக்கு அதுவே போதும் என்றனர் வல்லுநர். பானையின் அளவைப் பார்த்தே விருந்தினர் எத்தனை பேர் என்று கணிக்கலாம் அன்றோ? மேலும் 2003ஆம் ஆண்டு முடிவதற்கு முன் குண்டு அமைப்புத் தொடர்பான ஒருங்கிணைந்த ஆய்வுகள் நடந்தன, 2009க்குப் பின் நம்பத்தக்க அறிகுறி இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை 2015 டிசம்பரில் முடிவுரைத்தது. அவ்வாய்வுகள் வெறும் வதந்தி என்று இன்னும் பேசுவோர் அந்த அறிக்கையைப் படிக்கவேண்டும்.

இங்கே நாம் ஈரானியரிடம் நோகும் இடம் ஒன்றுண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது, இரவில் காண வந்த தம் துணைவியார் ஸஃபிய்யா (ரலி) அவர்களை வழியனுப்ப எழுந்தார்கள். அவ்வழியே சென்ற அன்ஸாரிகள் இருவர் விரைந்து நடந்தனர். அவர்களை நிறுத்தி, இவர் ஸஃபிய்யா என்று நபியவர்கள் தாமே அறிவித்தார்கள். அவர்கள்மீது எவர் ஐயம் கொள்வார்? எனினும், எவரும் கேளாமலே விளக்கினார்கள். ஐயத்துக்கு இடமான இடத்தில் நிற்பவனுக்குத் தன்னை விளக்கும் கடன் உண்டு என்பதை இதிலிருந்து நம் ஆசான்கள் கற்பித்தார்கள். மலைக்குள் உருளைகளை வைத்துவிட்டு, பிறர் கண்டபின் விளக்குவது அந்தக் கடனை நிறைவேற்றியதாகாது.

2015 ஜூலையில் எட்டப்பட்ட உடன்படிக்கையின்படி செறிவு 3.67 விழுக்காட்டையும், கையிருப்பு 300 கிலோவையும் கடக்கலாகாது என்று ஈரான் ஒப்புக்கொண்டது. டன் கணக்கில் இருந்த பொருளைக் கப்பலேற்றி ரஷ்யாவுக்கு அனுப்பியது. அது வாக்குப்படி நடப்பதாக முகமை மீண்டும் மீண்டும் உறுதி செய்தது. 2018 மே 8இல் அமெரிக்காவே அவ்வுடன்படிக்கையிலிருந்து விலகிற்று. ஓராண்டு பொறுத்து, 2019இல் ஈரான் வரம்புகளை ஒவ்வொன்றாகக் கடக்கத் தொடங்கியது. 2021 ஏப்ரலில் நதான்ஸ் நிலையத்தில் நாசவேலை நடந்த சில நாள்களில் 60 விழுக்காட்டை அறிவித்தது.

அறிவித்தது என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளவேண்டும். திருட எண்ணுபவன் தெருவில் நின்று கூவுவதில்லை. 60 விழுக்காட்டை முகமையின் கண்முன்னே செய்து, கிலோக் கணக்கை எழுதவும் விட்டவர்கள் எவரிடமோ எதையோ பேசுகிறார்கள். அதே வேளையில், 60 விழுக்காட்டு யுரேனியத்துக்கு ஈரானில் வாடிக்கையான உலை எதுவும் இல்லை. புஷெஹர் மின் உலைக்கு எரிபொருள் ரஷ்யா தந்தது. ஆகவே அது விளக்கெரிக்க அன்று. திண்ணையில் முதல் மைத்துனர் சொன்னது சரிதான். ஆனால் விளக்கெரிக்க அன்று என்றால் ஊரை எரிக்கத்தான் என்று அவர் முடித்தாரே, அந்தத் தாவலில்தான் நமக்கு உடன்பாடில்லை.

எண்ணம் என்பது ஒரே பொருள் என்று நினைப்பதால் வரும் தாவல் அது. நம் முன்னோர் உள்ளத்தில் எழுவதை ஐந்து படிகளாக வகுத்தனர். மனத்தில் பட்டு மறையும் மின்னல் ஹாஜிஸ். சற்றே தங்கி உலவுவது காதிர். செய்வதா விடுவதா என்று உள்ளம் தனக்குள் பேசிக்கொள்வது ஹதீஸுந் நஃப்ஸ். செய்வதன் பக்கம் சாய்வது ஹம்மு. இனி மாற்றமில்லை என்று முடிச்சுப் போடுவது அஸ்மு. முதல் மூன்றுக்கும் விசாரணை இல்லை. நான்காம் படியில் தீமைக்குச் சாய்ந்தும் செய்யாது விட்டவனுக்குக் குற்றம் எழுதப்படுவதில்லை. ஐந்தாவதற்குத்தான் கேள்வி உண்டு என்பது பெரும்பாலோர் கருத்து. மறுமையின் கணக்கே இத்தனை நுட்பமாக இருக்க, இம்மையின் நீதிபதி நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் வேறுபாடு அறியாமல் வாளுருவலாமா?

இதனை எழுதும்போது நம் வாழ்வின் ஒரு நிகழ்ச்சி நெஞ்சில் உறுத்துகிறது. நாம் இளம் ஆசிரியராய் ஒரு மதரஸா விடுதியைக் கவனித்து வந்த காலம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனின் டிரங்குப் பெட்டியில், துவைத்து மடித்த உடுப்பு ஒரு சோடி துண்டில் கட்டியிருக்கக் கண்டோம். பேருந்துக் கட்டணம் காகிதத்தில் பொதிந்திருந்தது. அவன் ஊர்ப் பேருந்து புறப்படும் நேரங்கள் ஒரு சீட்டில் இருந்தன. இதைவிட வேறு சான்று வேண்டுமா? காசைப் பறித்துக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும் பிரம்பால் இரண்டு அடி கொடுத்தோம். அன்றிரவே அவன் போய்விட்டான். கையில் காசில்லாததால் நடந்தே போயிருக்கிறான். நாம் சொன்னது நடந்துவிட்டது பார்த்தீர்களா என்று அப்போது மற்ற ஆசிரியர்களிடம் பேசியதும் நினைவிருக்கிறது.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு நிக்காஹ் வைபவத்தில் அவரைக் கண்டோம். கடை வைத்துத் தாடியும் தலைப்பாகையுமாய் இருந்தார். ஸலாம் சொல்லி அருகில் அமர்ந்தவர், நாம் கேளாமலே சொன்னார்: "ஹஸ்ரத், ஓடுவதற்கென்று அந்த மூட்டையை வைக்கவில்லை. ஓட முடியும் என்று இருந்தால் ராத்திரி தூக்கம் வரும், அதற்காக வைத்தேன். நீங்கள் அடித்த அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்."

பழைய நினைவு காலத்தால் மெருகேறியிருக்கலாம். தம் ஓட்டத்துக்கு அவர் பிற்பாடு கண்ட நியாயமாகவும் இருக்கலாம். சிறுவன் மூட்டையால் ஊர் அழியாது, யுரேனியத்தால் அழியும் என்பதும் தெரியும். 1945இல் ஹிரோஷிமாவில் விழுந்த குண்டில் இருந்த யுரேனியம் 64 கிலோவே. ஆகவே ஒப்புமையை நீட்டவில்லை. ஆயினும் முடியும் என்ற நிலையை விரும்புவதும், செய்வேன் என்று முடிச்சிடுவதும் வேறு வேறு என்பதை அன்றே நாம் அறிந்திருந்தால் அந்தப் பிரம்பை எடுத்திருக்க மாட்டோம்.

ஈரானின் நிலை இந்த நான்காம் படிக்கு அண்மையில் இருந்தது என்பதே நம் கணிப்பு. அணு ஆயுதம் ஹராம் என்று அந்நாட்டின் தலைமை ஏற்ற அலி காமெனி 2010இல் தெஹ்ரான் மாநாட்டுக்கு விடுத்த செய்தியில் அறிவித்தார். அதே தலைமையின் ஆலோசகர் கமால் கர்ராஜி 2024இல், நாட்டின் இருப்புக்கே ஆபத்து வந்தால் கொள்கையை மாற்ற நேரும் என்று பேசினார். முந்தையது பொய் என்று சிலர் உடனே சொல்லிவிட்டனர். நமக்கு அது தஃலீக்காகத் தெரிகிறது. இன்னது நடந்தால் தலாக் என்று கணவன் நிபந்தனையிட்டுச் சொல்வதுபோல. சொல் அவன் வாயிலிருந்து வந்துவிட்டது, ஆனால் அதனை நிறைவேற்றும் நிபந்தனை வேறொருவர் கையில் தொங்குகிறது. அத்தகைய சொல் அழகிய சொல் அன்று. அப்படிப் பேசும் கணவனை நாம் கண்டிப்போம். ஆனாலும் தலாக் நிகழ்ந்துவிட்டதாகத் தீர்ப்பெழுத மாட்டோம். 2025 மார்ச்சில் அமெரிக்க உளவுத் துறைகளின் தலைவரே, ஈரான் அணு ஆயுதம் செய்துகொண்டிருக்கவில்லை என்றும், கையிருப்பு மட்டும் முன்னில்லாத அளவுக்குப் பெருகியிருக்கிறது என்றும் தம் நாட்டு மன்றத்தில் சொன்னார். ஒரே வாக்குமூலத்தில் இரண்டும். குண்டு வீசியவர்கள் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நம்மவர்களில் பலர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் சட்டை இருமுறை சாட்சியாக வருகிறது. அண்ணன்மார் பொய்யிரத்தம் தோய்த்துக் கொண்டுவந்த சட்டை ஒன்று. பின்புறம் கிழிந்திருந்து அவர்களின் தூய்மையைக் காட்டிய சட்டை மற்றொன்று. பொருள் சாட்சி சொல்லும், பொருளைப் பொய்ச்சாட்சி சொல்லவும் வைக்கலாம். 2002இல் இராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்களைக் காட்டி, இவை செறிவூட்டும் உருளைகளுக்கானவை என்றனர். அதற்கு வாய்ப்புக் குறைவு என்று முகமை 2003 மார்ச் 7இல் சொன்னது. பதினைந்து நாள் செல்லுமுன் போர் தொடங்கிற்று. குழாய்கள் சாதாரண ஏவுகணைகளுக்கானவை. அணு ஆயுதத் திட்டம் ஏதும் அங்கே நடந்துகொண்டிருக்கவில்லை. மாண்டவர் மாண்டதுதான் மிச்சம். இதைச் சொல்லும்போது மறுபாதியையும் மறைக்கலாகாது. அதே இராக் 1991க்கு முன் ஒப்பந்தத்தில் உறுப்பாயிருந்துகொண்டே, ஆய்வாளர்கள் அறியாமல் மறைவில் செறிவூட்ட முயன்றது உண்மை. அன்று நல்லெண்ணம் கொண்டவர்கள் ஏமாந்தார்கள்.

ஆகையால் ஐயமே பாவம் என்று நாம் சொல்லமாட்டோம். ஐயத்தில் விலக்கப்பட்டதும் உண்டு, விழிப்பு என்ற வகையில் ஆகுமானதும் உண்டு. பக்கத்து வீட்டானை ஐயுற்று நம் கதவைத் தாழிடலாம். ஊர்ப் பெரியவர்களை அழைத்து அவன் வீட்டைப் பார்த்துவரச் சொல்லலாம். அவன் வீட்டைக் கொளுத்த ஐயம் போதாது. உஸாமா (ரலி) அவர்கள் போர்க்களத்தில் கலிமா மொழிந்தவனை, உயிருக்கஞ்சிச் சொன்னான் என்று கருதி வெட்டிவிட்டார்கள். அவர் கணிப்பு பொய்யென்று நபியவர்கள் சொல்லவில்லை. அவன் நெஞ்சைப் பிளந்து பார்த்தாயா என்ற பொருளிலேயே கேட்டார்கள். அக்கேள்வியின் கனம் தாங்காமல், இன்றுதான் இஸ்லாத்தில் நுழைந்திருக்கலாகாதா என்று உஸாமா (ரலி) ஏங்கினார்கள். கணிப்பு சரியாகவே இருந்திருக்கக் கூடும். ஆனால் அந்தக் கணிப்பைக் கொண்டு கொல்லும் உரிமை அவருக்கு இல்லை.

நெஞ்சைப் பிளக்க இயலாத மனிதனுக்கு எஞ்சியிருப்பது கண். முகமையின் ஆய்வாளர்கள் அந்தக் கண். உருளைகளை எண்ணுவதும், கலங்களுக்கு முத்திரையிடுவதும், படக்கருவி பொருத்துவதும், எடை எழுதுவதும் அவர்கள் வேலை. அதில் எண்ணத்தை அறியும் வித்தை ஏதுமில்லை. எண்ணம் நான்காம் படியிலிருந்து ஐந்தாம் படிக்கு ஏறினால், கலம் ஒன்று இடம் பெயரும், முத்திரை ஒன்று உடையும். அப்போது தெரியும். 2025 ஜூன் 13 நிலவரப்படி ஈரானிடம் 60 விழுக்காடு வரை செறிவூட்டிய யுரேனியம் 440.9 கிலோ இருந்தது என்று முகமை கணக்கிட்டது. மேலும் செறிவூட்டினால் ஏறத்தாழ பத்துக் குண்டுகளுக்கு ஆகும் அளவு. அச்சமூட்டும் அளவுதான். ஆயினும் அந்த எண்ணில் புள்ளிக்குப் பின்னால் ஒரு 9 இருக்கிறது பாருங்கள். யாரோ அருகிருந்து பார்த்துக் கணக்கு வைத்து வந்ததால்தான் அந்த ஒன்பதை எழுத முடிந்தது. தாக்குதலுக்குப் பின் ஜூலை 2இல் முகமையோடு ஒத்துழைப்பை நிறுத்தும் சட்டம் ஈரானில் நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர்கள் வெளியேறினார்கள். அதன்பின் பல மாதங்கள் அந்தக் கலங்கள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று நேரில் கண்டு சொல்ல முகமையில் ஒருவரும் இல்லை. தாக்கியவர்களாலும் சொல்ல முடியவில்லை.